பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருப்பதையே வாங்க வேண்டுமா?

கேள்வி:

கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 112 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள். பெற்றோரில் பாதிப் பேர் கரும்பு வெட்டவும் கட்டட வேலைக்கும் வெளியூர் போகிறவர்கள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 1,80,000 ரூபாய் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட ஆறு மடிக்கணினிகளையும் தருவதாகச் சொல்கிறார். இதைக் கேள்விப்பட்டு ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். தொடுதிரைப் பலகையும் பாட வீடியோக்களும் சேர்த்து 1,45,000 ரூபாய். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 36,000 ரூபாய் சந்தா. பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளியில் இதே பலகைதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கிருந்து சிலர் பிள்ளைகளை அங்கே மாற்றினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டாமா?

உடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் எல்லாவற்றையும் செய்யலாம், செலவே இல்லை என்கிறார். இலவசமாகக் கிடைப்பதில் படித்துவிட்டு, நாளைக்கு எம்.எஸ். ஆபிஸ் தெரியாமல் எங்கள் பிள்ளைகள் வேலை கிடைக்காமல் நின்றால் என்ன செய்வது? ஊரில் சிக்னலும் சரியாக வராது. இன்னொன்று: ஆறாம் வகுப்பில் பார்வை மிகக் குறைந்த ஒரு சிறுமி இருக்கிறாள். அவளுக்கு இதில் ஏதாவது வழி உண்டா? ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

– ஓர் ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுடன் வேலை செய்யும் ஆசிரியர் சொல்லும் வழிதான் சரி. ஆனால் 'செலவே இல்லை' என்கிறாரே, அதை மட்டும் நம்பாதீர்கள். செலவு உண்டு. அது வேறு இடத்தில் விழும். எங்கே என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிராமப் பள்ளிகளில் கணினி அறை அமைத்துத் தரும் வேலையைப் பதினான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது ஏழாம் வகுப்புச் சுவரில் ஒரு தொடுதிரைப் பலகை இருந்தது. நன்கொடையாக வந்தது. பொத்தானை அழுத்தினால் திரை பளிச்சென்று எரிந்தது. ஆனால் எந்தப் பாடத்தைத் தொட்டாலும் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பெட்டி வந்து நின்றது. நன்கொடையாளர் முதல் ஆண்டுப் பணத்தைக் கட்டியிருந்தார். இரண்டாம் ஆண்டு யார் கட்டுவது என்று யாரும் பேசி வைக்கவில்லை. ஒரு பையன் என்னிடம், "சார், இதுக்கு எப்ப காசு கட்டுவீங்க?" என்று கேட்டான். நான்தான் அந்தக் கம்பெனி ஆள் என்று நினைத்துவிட்டான். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

உங்கள் கணக்கையே பாருங்கள். 1,45,000 போக மிச்சம் 35,000. இரண்டாம் ஆண்டுச் சந்தா 36,000. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே ஆயிரம் ரூபாய் பற்றாக்குறையில் நிற்பீர்கள். மெட்ரிக் பள்ளிக்கு அது பிரச்சினை இல்லை, கட்டணத்தில் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் யாரிடம் வசூலிப்பீர்கள்? உங்கள் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டாமா என்று கேட்டீர்கள். கிடைக்க வேண்டும்தான். ஆனால் பணம் கட்டும்வரை மட்டும் கிடைக்கிற ஒன்று, பணம் உள்ள பள்ளியில்தான் நிலைக்கும். ஒரே பலகை இரண்டு பள்ளியிலும் தொங்கினாலும், மூன்றாம் ஆண்டில் பழைய இடைவெளி திரும்பி வந்துவிடும்.

உங்கள் ஊரில் விவசாயம் தெரிந்தவர்களிடம் இதை எளிதாகச் சொல்லலாம். வீரிய ஒட்டு விதை வாங்கினால் ஒவ்வொரு பட்டத்துக்கும் விதைக்கடையில் போய் நிற்க வேண்டும். நாட்டு விதை என்றால் அறுவடையில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்கும் ஒரு படி கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருள் இந்த இரண்டாவது வகை. எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், பிள்ளையின் வீட்டுக் கணினியில் போடலாம், அடுத்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு பென் டிரைவில் கொடுத்தனுப்பலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம், தெரிந்தவர் மாற்றலாம்.

இலவசம் வேறு, திறந்தது வேறு. இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்றைக்கு இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் பாட வீடியோ நாளைக்குப் பூட்டப்படலாம். திறந்த வளம் என்றால் பிரதி எடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையை எழுதியே கொடுத்திருப்பார்கள். 2002இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதற்காக ஏற்பட்டவைதான். அவற்றில் நாலு நிபந்தனைகள் வெவ்வேறு விதமாகச் சேர்ந்து வரும்: ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது. நீங்கள் தேட வேண்டியது அந்தக் கடைசி நிபந்தனை இல்லாதவற்றை. ஏன் என்று கீழே வருகிறேன்.

இதெல்லாம் பெரிய அளவில் நடக்குமா என்று உங்கள் தாளாளர் கேட்பார். கேரளத்தைக் காட்டுங்கள். அங்கே 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளிக் கணினிகளை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். 2017இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துத் தங்கள் பாடத்துக்கு ஏற்ற ஒரு லினக்ஸை அவர்களே தொகுத்துப் பள்ளிகளுக்குத் தருகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணினிச் செய்முறைத் தேர்வை அதில்தான் எழுதுகிறார்கள். அது ஓடியதற்கு மென்பொருள் மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து கம்பெனி ஆட்களைக் கூப்பிடாமல், பள்ளி ஆசிரியர்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்றுநர்களாக்கினார்கள். 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றத்தைத் தொடங்கினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் அது இருக்கிறது. கணினி மக்கர் செய்தால் முதலில் போய்ப் பார்ப்பது அந்தப் பிள்ளைகள்தான்.

இந்த ஆள் ஏற்பாட்டை விட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பள்ளியில் பத்துக் கணினிகளில் லினக்ஸ் போட்டு, எல்லாம் ஓடுவதைக் காட்டிவிட்டு வந்தேன். மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை என்ற மகிழ்ச்சி. ஓராண்டு கழித்துப் போனால் அறை பூட்டியிருந்தது. கணினிகள்மேல் போட்ட துணியில் தூசி. யார் திறப்பது, எந்தப் பாடவேளையில் எந்த வகுப்பு வருவது, ஒன்று ஓடாவிட்டால் யாரைக் கேட்பது என்று எதையும் நான் ஏற்பாடு செய்யவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அந்த ஓராண்டு அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்ப வராது. அன்றிலிருந்து, மென்பொருளில் மிச்சமாகும் பணத்தை மனிதருக்கும் மின்சாரத்துக்கும் செலவழிக்கச் சொல்கிறேன்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம்.

அலுவலகங்கள் இப்போது கழிக்கும் மடிக்கணினிகளில் பல பழுதானவை இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் புதிய செயலியோ பாதுகாப்புச் சில்லோ இல்லாத கணினிகளை ஒதுக்குகிறார்கள். லினக்ஸுக்கு அவை தாராளம். வாங்குவதற்கு முன் அந்த முன்னாள் மாணவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா, சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் வருமா. சார்ஜர் இல்லாமல் வரும் மடிக்கணினியால் நிறையத் தலைவலி பட்டிருக்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை எட்டு ஜி.பி.க்குக் கொண்டுவந்தால் வேகத்தில் பெரிய மாற்றம் தெரியும். தலா நாலாயிரம் என்று வைத்தால் ஆறுக்கும் 24,000. விலை ஏறி இறங்குகிறது, மூன்று கடையில் கேளுங்கள்.

இன்னும் மூன்று மடிக்கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடையில் வாங்குங்கள். தலா 15,000 என்றால் 45,000. ஆக ஒன்பது. ஒரு வகுப்பில் பதினான்கு, பதினைந்து பேர் என்று உங்கள் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறேன். ஒன்றை ஓரமாகப் பாடக்கிடங்காக வைத்தால் மற்ற எட்டில் இரண்டு பேருக்கு ஒன்று வரும். மூன்று பேருக்கு ஒன்று என்று போகவே விடாதீர்கள். மூன்றாவது பிள்ளை எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும், பெரும்பாலும் அது பெண் பிள்ளையாக இருக்கும். பாதிப் பாடவேளையில் மணி அடித்து விசைப்பலகையை மாற்றிக் கொடுக்க வையுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நான் பார்த்த பள்ளிகளில், யாருடைய கை விசைப்பலகையில் இருந்தது என்பதுதான் ஆண்டு முடிவில் யார் என்ன கற்றார்கள் என்பதைத் தீர்மானித்தது.

மின்சாரத்துக்கு 30,000 ஒதுக்குங்கள். இன்வெர்ட்டர், சரியான எர்த், நல்ல பிளக் போர்டுகள். வயர்களைக் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள், கிராமத்துப் பள்ளிக் கணினி அறைக்கு வைரஸைவிட எலிதான் பெரிய எதிரி. எல்லோரும் சேர்ந்து பார்க்க 43 அங்குல டி.வி. ஒன்று, 25,000. ரூட்டர், வெளி ஹார்ட் டிஸ்க், கேபிள்கள் 8,000.

அடுத்து ஆள். உங்கள் ஊரில் பட்டப்படிப்போ பிளஸ் டூவோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் ஒருவரைப் பகுதி நேரத்துக்கு வையுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர் கிடைத்தால் நல்லது, பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவராக இருப்பார். மாதம் 3,000, பத்து மாதத்துக்கு 30,000. இந்தத் தொகை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்னாள் மாணவர்களிடம் சொல்லிக் கூட்டிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அறையைத் திறப்பது, ஒன்பதையும் சார்ஜ் போடுவது, எந்த வகுப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று நோட்டில் எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆசிரியர்கள் ஐந்து பேரும் எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதியும் வேலையிலும் கூட்டங்களிலும் ஓடிக்கொண்டிருப்பீர்கள், உங்கள் தலையில் இதையும் வைத்தால் அறை மூடிவிடும்.

கூட்டினால் 1,62,000. மிச்சம் 18,000-ஐ அச்சடிக்கவும் பழுது பார்க்கவும் வையுங்கள். இரண்டாம் ஆண்டில் சந்தா எதுவும் கிடையாது. அந்தப் பெண்ணின் சம்பளம் மட்டும் உண்டு. அதைத் திரட்டுவது, பூட்டிய பலகைக்குப் பணம் திரட்டுவதைவிட எளிது என்பது என் அனுபவம். முன்னாள் மாணவர்கள் அந்தப் பெண்ணை நேரில் பார்த்திருப்பார்கள்.

சிக்னல் இல்லாதது நீங்கள் நினைக்கும் அளவு தடை இல்லை. கோலிப்ரி என்று ஒரு கட்டற்ற மென்பொருள். இணையமே இல்லாத பள்ளிகளுக்காகச் செய்தது. பாடக்கிடங்காக வைத்திருக்கும் மடிக்கணினியில் அதைப் போட்டு, ரூட்டரோடு இணைத்துவிட்டால் மற்ற எட்டும் அதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ளும். வெளி இணையம் வேண்டாம். கிவிக்ஸ் என்று இன்னொன்று, விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்துப் படிப்பதற்கு. தமிழ் விக்கிப்பீடியாவில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவை அனைத்தும் உங்கள் மலையடிவாரத்து அறைக்குள் வந்துவிடும். அவற்றில் சில, தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 2017இல் பயிற்சி எடுத்துக்கொண்டு எழுதியவை. கள்ளக்குறிச்சிக்கோ விழுப்புரத்துக்கோ போகும்போது நல்ல இணையம் உள்ள இடத்தில் ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் கொண்டு வந்துவிடுங்கள். 2018 முதல் வந்த பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இருக்கின்றனவே, அவற்றுக்கான தீக்ஷா செயலியிலும் பாடங்களை இறக்கி வைத்துப் பிறகு பார்க்கும் வசதி உண்டு. அந்தத் தீக்ஷாவே சன்பேர்ட் என்ற திறந்த மூல மென்பொருளின்மேல் கட்டியதுதான்.

கோலிப்ரியில் தமிழ்ப் பாடங்கள் அந்த நிறுவனத்தார் காட்டியதைப் போல அடுக்கி வைத்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருப்பவற்றைப் பொறுக்கி நீங்கள்தான் அதற்குள் வைக்க வேண்டும். கோடை விடுமுறையில் ஒரு வார வேலை. அறிவியலுக்கும் கணக்குக்கும் ஃபெட் பாவனைகளில், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளில் தொடங்குங்கள். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. பல பாவனைகள் தமிழிலும் உள்ளன. இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். சமநிலைப் பலகை பற்றிய பாவனை ஒன்று இருக்கிறது. முதலில் பிள்ளைகளின் மர ஸ்கேலை ஒரு பென்சில்மேல் நிறுத்தி, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே வைத்தால் சாயாது என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும். அப்புறம் திரைக்கு வாருங்கள். கையில் நாணயம் வைத்துப் பார்த்த பிள்ளைக்குத் திரையில் இருக்கும் எண் புரிகிறது. நேராகத் திரைக்கு வந்த பிள்ளை சுட்டியை இழுத்து விளையாடிவிட்டுப் போய்விடுகிறது. கணக்குப் பாடநூலில் 'இணையச் செயல்பாடு' என்று வரும் பக்கங்களுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் வேண்டும். பள்ளிக்கு இலவசம்தான், ஆனால் அதன் உரிமத்தில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உண்டு. உங்களுக்கு அதனால் இடைஞ்சல் இல்லை.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியைவிடக் கதைப்புத்தகம் முக்கியம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம், படிநிலை பிரித்து வைத்திருக்கிறார்கள். பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அச்சடிக்கலாம், மாற்றி எழுதலாம். 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை இல்லாததைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் வீட்டில் பேசும் சொல் வேறாக இருக்கும். கதையில் வரும் ஒரு செடிக்கோ பாத்திரத்துக்கோ அவர்கள் வீட்டில் சொல்லும் பெயரைப் போட்டு, அதே படங்களோடு அச்சடித்துக் கொடுங்கள். தன் பாட்டி சொல்லும் சொல் அச்சில் இருப்பதைப் பார்த்த பிள்ளை புத்தகத்தைக் கீழே வைக்காது. காசு கட்டி வாங்கும் எந்த வீடியோவிலும் இதை உங்களால் செய்ய முடியாது. அச்சடித்த புத்தகம் வீட்டுக்கும் போகும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் குடும்பங்களுக்கு, வீட்டுக்குப் போகும் வளம் என்றால் காகிதம்தான். அந்த 18,000-இல் பெரும்பகுதியை இதற்கு வையுங்கள் என்பது என் வேண்டுகோள். பெரிய பிள்ளைகளுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் நூல்கள் உண்டு, போன் திரைக்கு ஏற்ற ஆறு அங்குலப் பதிப்பாகவும் தருகிறார்கள்.

எம்.எஸ். ஆபிஸ் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் பழைய மேல்நிலைக் கணினிப் பாடத்தில் ஸ்டார் ஆபிஸ்தான் இருந்தது. இப்போதைய பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓபன் ஆபிஸ் பாடமாக இருக்கிறது, உபுண்டுவும் வருகிறது. உங்கள் பிள்ளைகள் லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் பழகினால் மேல்நிலையில் அதன் நெருங்கிய உறவைத்தான் சந்திப்பார்கள். தலைப்பு வைப்பது, அட்டவணை போடுவது, கூட்டல் சூத்திரம் எழுதுவது எல்லாம் எங்கே கற்றாலும் ஒன்றுதான். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போகப் பத்து ஆண்டுகள் ஆகும். அப்போதைய மென்பொருள் எப்படி இருக்கும் என்று அந்த நிறுவனத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தரம் பற்றிய சந்தேகத்துக்கு ஒரு வரி: உலகின் முதல் 500 மீக்கணினிகள் (சூப்பர் கம்ப்யூட்டர்கள்) பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

ஒரு சிரமத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் அறையில் வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கடிதங்கள் குவிந்திருக்கும். அவை லினக்ஸில் தாறுமாறாகத் தெரியலாம். அந்த ஒரு கணினியை அப்படியே விட்டுவிடுங்கள். பிள்ளைகளை முதல் நாளிலிருந்தே ஒருங்குறியில் (யூனிகோடில்), தமிழ்99 விசைப்பலகையில் பழக்குங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம் என்று அமைந்த விசைப்பலகை அது, பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். முதலில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லி, அவளுடைய கண்ணை ஒரு மருத்துவர் முழுமையாகப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றவை. பெரிய எழுத்தில் தெரியும் என்றால் பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் திரையைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இருக்கிறது, அதுவே போதும். கேட்டுத்தான் படிக்க வேண்டும் என்றால் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த கட்டற்ற மென்பொருள். விலை கொடுத்து வாங்கும் திரைவாசிப்பான் ஏழைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, இது இலவசம். தமிழ் வாசிக்கும் குரலும் அதோடேயே வருகிறது. கொஞ்சம் இயந்திரம் மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும். ஆனால் என்.வி.டி.ஏ. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். எனவே வரும் ஆறு மடிக்கணினிகளில் புதியதாக இருக்கும் ஒன்றில் விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இணைக்காமல். எல்லாவற்றிலும் லினக்ஸ்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தால் நஷ்டம் அவளுக்கு.

அடுத்த சிக்கல், திரைவாசிப்பானுக்குக் கொடுக்க எழுத்து வேண்டும். பாடநூல் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு பத்தியைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் என்.வி.டி.ஏ. படிக்கும். புரியாத குறிகளாக விழுந்தால் படிக்காது. அப்படியானால் யாராவது தட்டச்சு செய்ய வேண்டும். அந்த யாராவது, உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். தமிழ்99 பழகுவதற்கு எப்படியும் எதையாவது தட்டச்சு செய்யத்தான் போகிறார்கள். அது ஆறாம் வகுப்பு அறிவியல் பாடமாக இருக்கட்டும். ஒருவர் ஒரு பக்கம். இன்னொருவர் பிழை பார்க்க வேண்டும். படம் வரும் இடத்தில் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும். பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தைப் பார்க்க முடியாத தோழிக்கு விளங்கும்படி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. பதிப்புரிமை பற்றிப் பயப்பட வேண்டாம். 2012இல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றிக் கொடுப்பதை அனுமதிக்கிறது. இதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான், 2014இல். நீங்கள் தட்டச்சு செய்து வைக்கும் கோப்பை அந்தச் சிறப்புப் பயிற்றுநரிடமும் கொடுங்கள். அவர் போகும் மற்றப் பள்ளிகளிலும் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

பெற்றோர் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பிள்ளைகளை மாற்றுகிறார்கள் என்றீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றோர் கண்ணில் படும்படி நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை அவர்களை வரச் சொல்லுங்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவோ, தெருவிளக்குக் கேட்டோ அவர்கள் கொடுக்க வேண்டிய மனுவை அவர்களுடைய பிள்ளையே உட்கார்ந்து தட்டச்சு செய்து அச்செடுத்துக் கொடுக்கட்டும். மனு எழுதிக் கொடுப்பவரிடம் காசு கொடுத்துப் பழகிய அம்மாவுக்கு, மகள் தட்டச்சு செய்த தாளைக் கையில் வாங்கும்போது என்ன தோன்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தனியாக நின்று இதைச் செய்ய வேண்டாம். உங்கள் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் ஒரு குனு லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையே முதன்மை வேலையாக வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் போடும் நாளன்று இரண்டு பேரை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஆசிரியர்கள் நீங்கள் பழகுவதற்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் உண்டு. லிப்ரே ஆபிஸ் உட்படப் பலவற்றுக்குப் பத்துப் பத்து நிமிட வீடியோக்கள், தமிழிலும் பேசியிருக்கிறார்கள். அந்த உதவியாளர் பெண்ணும் நீங்களும் ஒன்றாக உட்கார்ந்து மே மாதத்தில் பார்த்துவிடுங்கள்.

தாளாளரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசும்போது அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல வேண்டாம். மூன்று கேள்விகளை மட்டும் வையுங்கள். சந்தா நின்றால் எந்தெந்தப் பாடம் திறக்கும்? வீடியோவைப் பிள்ளையின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா? ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால் முடியுமா? அவர்கள் பதிலை எழுத்தில் வாங்கித் தீர்மான நோட்டில் ஒட்டுங்கள். பணம் கொடுத்த முன்னாள் மாணவர்களையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். பெயர்ப்பலகை மாட்டிய தொடுதிரை வேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்கள் முன்னால் இந்தக் கணக்கை வைத்துவிட்டால் பேச்சு சுலபமாகும்.

மடிக்கணினிகள் ஆறும் வந்து சேர்ந்தவுடன், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்களைக் குறித்து அனுப்புங்கள். எதில் என்ன லினக்ஸ் போடலாம், எதில் விண்டோஸை விட்டுவைக்கலாம் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன். அந்தச் சிறுமியை மருத்துவர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள், டீச்சர்.